எதிர்க்கடையில் பதினோரு நிமிஷம்

கீழ்க்கட்டளையில் ஒரு மோசடிக் கம்பெனியின் இரண்டாவது குடோனுக்குக் குத்துவிளக்கு ஏற்றியவன் நான். இதை நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட என்னிடமே கேட்டுக்கொள்வது நல்லது. புகைப்படம் இருக்கிறது. அதில் என் கையில் மெழுகுவர்த்தி, தோளில் சால்வை, முகத்தில் ஊருக்கே புத்தி சொல்லத் தகுதி வந்துவிட்டதாக நம்புகிறவனின் புன்னகை. பக்கத்தில் பணிவாகக் கைகட்டி நிற்பவர்தான் அந்தக் கம்பெனியின் உரிமையாளர் கருணாகரன். படத்தின் பிரதி ஒன்று போலீஸ் கோப்பில் இருக்கிறது. எனக்கு அவர்கள் ஒன்று தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் விநியோகஸ்தர் சங்கத்தின் ஆண்டு மலரில் பல வருஷமாக நகைச்சுவைக் கட்டுரை எழுதிவருகிறேன். மலரில் தங்கள் விளம்பரம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கு நடுவில் இடறுவது என் கட்டுரை. இந்த வருஷம் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"சார், இந்தத் தடவ சிரிப்பு வேணாம். நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, கடன் குடுக்கறதுல உங்க அனுபவத்த எழுதுங்க. புதுசா வந்த பசங்கல்லாம் ஆப்ல மார்க் பாத்துக் கடன் குடுக்கறானுங்க. பழைய முறை என்னான்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

வாஸ்தவம். இப்போது புது வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணைத் தட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வந்துவிடுகிறதாம். அந்த மார்க்கைத்தான் நான் கால்நடையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆப்பும் சில சமயம் ஏமாறுகிறது என்று கேள்வி. ஆனால் அது விளக்கேற்றப் போகாது.

மேற்குத் தாம்பரத்தில் மிக்சி, கிரைண்டர், குக்கர், மின்விசிறி எல்லாம் கம்பெனிகளிடமிருந்து மொத்தமாக எடுத்துக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பில் எழுதினேன், அட்டைப்பெட்டி எண்ணினேன், எண்ணிக்கை சரியாக வராதபோது மறுபடி எண்ணினேன். அப்புறம் என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். 'மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவன்' என்று முதலாளி சிபாரிசு செய்தாராம். மதிய இடைவேளையில் நான் நாவல் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

கடன் பிரிவுக்கு மேனேஜர் நாகலட்சுமி மேடம். ஒல்லியான உருவம், உயராத குரல், மேஜையில் எப்போதும் கூராகச் சீவிய இரண்டு பென்சில். பேனாவைத் தொடமாட்டார். "பேனாவுல எழுதினா நாம எழுதினத நாமளே நம்பிடுவோம்" என்பார். யாரையும் திட்டியதில்லை. நாம் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் சந்தேகமான சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தருவார், அவ்வளவுதான். வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட சொல்லைப் பார்க்கும்போது நமக்கே அது திருட்டு முழி முழிப்பதாகத் தோன்றும்.

புதுக் கடைக்குக் கடன் கொடுக்கும் முன் அவர் வைத்திருந்த முறை இது. போக வேண்டும். முதலாளியிடம் பேச வேண்டும். காகிதங்களின் நகல் வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். அதற்கப்புறம்தான் வேலையே. சாலையைக் கடந்து எதிரே இருக்கிற ஏதாவது கடையில், டீக்கடையோ தையல் கடையோ, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். யார் உள்ளே போகிறார்கள், வரும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஆபீஸில் இதற்குப் பெயரே 'எதிர்க்கடை'.

"நீங்க உள்ள இருக்கற வரைக்கும் அவர் உங்களுக்காகக் கடை நடத்துவாரு. நீங்க வெளிய வந்தப்புறம் தனக்காக நடத்துவாரு. ரெண்டாவதப் பாத்துட்டு வாங்க" என்பார் மேடம்.

திரும்பி வந்ததும் மூன்று கேள்வி. என்ன விக்கிறாரு? யாருக்கு விக்கிறாரு? நீங்க உக்காந்திருந்தப்ப எத்தன பேர் வாங்கினாங்க?

இந்த முறை எவ்வளவு சரியானது என்பதை முதல் வருஷத்திலேயே பார்த்தேன். பள்ளிக்கரணையில் ஒரு பாத்திரக் கடை. உட்கார நாற்காலி கிடையாது. முதலாளி என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "கடன் குடுத்தா குடு, குடுக்காட்டி போ, வழிய மறைக்காத" என்றார். அவமானப்பட்டு எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் முப்பது பேர் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'வேண்டாம், மரியாதை தெரியாத ஆள்' என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் 'மரியாதை' என்ற சொல்லுக்கு வட்டம் போட்டுவிட்டுக் கடனைக் கொடுத்தார். நான் ஓய்வுபெற்ற நாள்வரை அந்தக் கடையிலிருந்து ஒரு தவணைகூடத் தவறவில்லை. கடைசிவரை எனக்கு நாற்காலியும் கிடைக்கவில்லை.

இப்போது கருணாகரன். அவர் சொன்ன பெயரும் அவருடையது இல்லை என்று பின்னால் தெரிந்ததால், இங்கே அதை மாற்றி எழுதும் வேலை எனக்கு மிச்சம். ஐ.டி. கம்பெனி கேன்டீன்களுக்கும் விடுதிகளுக்கும் 'எல்லா சாமானும்' சப்ளை செய்வதாகச் சொன்னார். கீழ்க்கட்டளையில் மெயின் ரோட்டிலேயே ஆபீஸ். குளிர்சாதனம், கண்ணாடி மேஜை, பின்னால் புத்தக அலமாரி. அலமாரியைப் பார்த்தவுடனேயே என் காவல் பாதி இறங்கிவிட்டது. மீதியை அவர் இறக்கினார்.

"சார், போன வருஷ சங்க மலர்ல மிக்சி ஜார் மூடி பத்தி எழுதினது நீங்கதானே? வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன் சார். அந்த மூணாவது பத்தி! சிரிச்சு சிரிச்சு என் ஒய்ப்புக்கு விக்கலே வந்துடுச்சு."

சொல்லிவிட்டு அந்த மூன்றாவது பத்தியை ஏறக்குறைய மனப்பாடமாக ஒப்பித்தார். நானே மறந்துவிட்ட ஒரு கமாவில்கூட நின்றார். என் நகைச்சுவைக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். என் மனைவி விஜயா, கல்யாணமான புதிதில் இரண்டு தடவை சிரித்திருக்கிறாள். அதில் ஒன்று நான் வழுக்கி விழுந்ததற்கு.

டபராவில் காபி வந்தது. நல்ல காபி. என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "அடுத்த மலருக்கு என்ன எழுதப் போறீங்க சார்?" என்று அவர் கேட்டுவிட்டார். ஒன்றரை மணி நேரம் நான்தான் பேசினேன்.

வெளியே வந்தபோது மே மாத உச்சி வெயில். எதிரே இருந்தது தகரக் கூரை போட்ட ஒரு ஜெராக்ஸ் கடை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர் உள்ளே போனார். ஆபீஸ் பையன் என்று அவர்கள் அழைக்கும் ஐம்பது வயதுக்காரர் வெளியே வந்து, சிகரெட் பிடித்து, உள்ளே போனார். அப்புறம் கருணாகரனே வந்தார்.

"ஐயையோ, இன்னா சார் வெயில்ல உக்காந்துகினு கீறீங்க! நானும் தாம்பரம் பக்கம்தான் போறேன், வாங்க வண்டியில."

தனக்கு நெருக்கமானவர்களிடம் மட்டும் மெட்ராஸ் பாஷை பேசுகிறவராம். அந்த உரிமையிலும் நெகிழ்ந்துபோய் ஏறிவிட்டேன். ஏறும்போது கைபேசியில் மணி பார்த்தேன். நான் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தது பதினோரு நிமிஷம்.

ரிப்போர்ட்டில் 'ஒரு மணி நேரம்' என்று எழுதினேன். 'நால்வர் வந்தனர்' என்றும் எழுதினேன். தண்ணீர் கேன் ஒருவர், ஆபீஸ் பையன் ஒருவர், கருணாகரன் ஒருவர். நாலாவது ஆள் நான்.

மேடம் படித்தார். "நாலு பேர் வந்தாங்களா, வாங்கினாங்களா?"

"வந்தாங்க மேடம்."

வட்டம் போடவில்லை. பிறகு சின்னத் தொகைக்கு மட்டும், முப்பது நாள் கெடுவில் கடன் அனுமதித்தார்.

கருணாகரன் இருபதாம் நாளே பணம் கட்டினார். அடுத்த பில்லுக்குப் பதினைந்தாம் நாள். நான் வெற்றிப் புன்னகையோடு மேடம் முன்னால் போய் நின்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கெடுவுக்கு முன்னாடியே கட்டற அளவுக்குக் கையில காசு இருக்கறவரு, நம்மகிட்ட எதுக்குக் கடன் கேட்டாரு?"

இது மேடத்தின் சுபாவம், நல்லதைக்கூட நல்லதாகப் பார்க்கத் தெரியாதவர் என்று அன்று விஜயாவிடம் புலம்பினேன். முதலாளியிடம் நேராகப் போய், கருணாகரனின் கடன் அளவை நான்கு மடங்காக உயர்த்தி வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், அந்த உயர்த்திய அளவை அவர் ஒரு தடவைகூடத் தொடவில்லை. மாதம் பத்துப் பன்னிரண்டு மிக்சி, அதற்கு மேல் போகவே இல்லை. எங்களிடம் அவர் வாங்க வந்தது மிக்சி இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கடைக்குச் சரக்குப் போடும் முன், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்குப் போன் செய்து "பார்ட்டி எப்படி?" என்று கேட்பது. பதில் கடுதாசியில் வராது, வாய்ச்சொல்தான். 'பரவாயில்ல' என்றால் கொடுக்காதே. 'பாத்துக் குடுங்க' என்றால் ஓடு. 'நல்ல பார்ட்டி' என்றால் கொடுக்கலாம். மூன்றே பதில்தான், எல்லோருக்கும் பொருள் தெரியும். பொய் சொன்னவனிடம் மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள்.

கருணாகரனைப் பற்றி எனக்குப் போன் வர ஆரம்பித்தது. மாதம் ஒன்றிரண்டு. "அவர்தான் உங்க நம்பர் குடுத்தாரு சார்" என்பார்கள். வட்டாரத்தில் என் சொல்லுக்கு மதிப்புக் கூடிவருகிறது என்று நினைத்துக்கொண்டேன். 'நல்ல பார்ட்டி' என்பதோடு நிறுத்தவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் அவர் இரண்டாவது குடோன் திறந்தார். ஆடியில் புது இடம் திறக்கிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. கேட்டதற்கு, "நமக்கு நாள் கிழமையெல்லாம் கெடயாது சார், உழைப்புதான்" என்றார். எனக்குப் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்போடுதான் விளக்கேற்றினேன்.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஸ்டெல்லா கூப்பிட்டார்.

ஸ்டெல்லா இரும்புலியூரில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மசாலாப் பொடியும் ஊறுகாயும் செய்கிறவர். ஐந்து பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். கணவர் ஆரோக்கியம் சொந்தமாக வைத்திருந்த சின்ன லோடு வண்டியில் கடைகளுக்குப் போடுவார். எங்கள் வீட்டுச் சாம்பார்ப் பொடி அங்கிருந்துதான். நான் கடன் பிரிவில் இருக்கிறேன் என்று விஜயா சொல்லி அவருக்குத் தெரியும்.

"சார், கீழ்க்கட்டளை கருணாகரன் சார் இருக்காருல்ல. ரெண்டு தடவ சின்ன ஆர்டர் எடுத்தாரு, கையில காசு குடுத்தாரு. இப்ப தீபாவளி கிப்ட் பாக்ஸுக்கு மூவாயிரம் செட் கேக்கறாரு. தீபாவளி முடிஞ்சு பத்து நாள்ல தர்றேங்கறாரு. மொளகாய்க்கே நகையெல்லாம் வெக்கணும் சார், மகளிர் குழுவுலயும் கடன் எடுக்கணும். அங்க எல்லாரும் என்ன மாதிரி கஷ்டப்படறவங்கதான். பயமா இருக்கு. பார்ட்டி எப்படி சார்?"

ஒரு பெண் தன் நகையையும், தன்னைப் போன்ற இன்னும் பத்துப் பதினைந்து பெண்களின் சேமிப்பையும் என் வாயின் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். எனக்குத் தோன்றியது நகைச்சுவை.

"அவர்கிட்ட குடுக்கறது பேங்க்ல போடற மாதிரிம்மா. என்ன ஒண்ணு, பேங்க்ல காபி தரமாட்டான்."

ஸ்டெல்லா சிரித்தார். பயம் போன சிரிப்பு. போனை வைத்துவிட்டு, நன்றாகத்தான் சொன்னோம் என்று நானும் சிரித்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் கீழ்க்கட்டளை ஷட்டர் ஏறவில்லை. செய்தி கேட்டுப் போனேன். வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அரிசி போட்டவர், மெத்தை போட்டவர், எவர்சில்வர் தட்டு போட்டவர். கடற்கரைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கருவாடு போட்ட ஏழுமலை என்கிற பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மெத்தையையும் கருவாட்டையும் ஒரே ஆள் வாங்கினால் அது என்ன வியாபாரம் என்று அங்கே நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது. மேடத்தின் முதல் கேள்வி அதுதான்.

யாரோ என் பெயரைச் சொன்னார்கள். ஏழுமலை நிமிர்ந்தார்.

"நீதானா சார் அது? இன்னா சார் நீ! உன் கார்ட ஜெராக்ஸ் எட்த்து ஆளாளுக்குக் குட்த்துகிறான். உனக்குப் போன் போட்டுக் கேட்டுதான சரக்க எறக்குனேன்? பெரிய மன்சன் மாதிரி பேசினியே!"

அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. சட்டைப் பையிலிருந்து என் விசிட்டிங் கார்டின் நகலை எடுத்து நீட்டினார். நான் பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருந்த அதே எதிர்க்கடையில் எடுத்த நகலாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் கணக்கைப் பார்த்தேன். கருணாகரன் எங்களுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை. கடைசி பில்லைத் தீபாவளிக்கு முந்தின வாரமே கட்டியிருந்தார். அங்கே நின்றவர்களில் ஏமாற்றப்படாத ஒரே ஆள் நான்தான். என்னை ஏமாற்றிவிட்டால் மற்றவர்களை ஏமாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆளைச் சேலத்துக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள். சரக்கெல்லாம் பாதி விலைக்கு எங்கெங்கோ போயிருந்தது. என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் என்னைவிட வயதில் இளையவர், மரியாதையானவர். ஸ்டெல்லாவின் புகார் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"'அவரிடம் கொடுப்பது வங்கியில் போடுவது மாதிரி. வங்கியில் காபி தர மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.' இது நீங்க சொன்னதா சார்?"

"ஆமா சார். அது வந்து, சும்மா ஒரு இதுக்காக..."

"ரெண்டு மனுவுல இருக்கு சார் இது. மெத்தைக்காரரும் எழுதியிருக்காரு."

நன்றாக வந்த வரியை இரண்டு இடத்தில் சொல்வது எழுதுகிறவர்களின் வழக்கம்தான். அதைச் சொல்லும் இடமாக அது தோன்றவில்லை.

"பாருங்க சார்" என்றார் அவர். "அவன் வக்கீல், வியாபாரத்துல நஷ்டம், அதான் கட்ட முடியலன்னு சொல்வாரு. ஆரம்பத்துலேர்ந்தே ஏமாத்தற எண்ணம்தான்னு நாங்க காட்டணும். உங்களுக்கு மட்டும் ஒழுங்கா கட்டி, உங்க நம்பரக் குடுத்து மத்தவங்கள இழுத்திருக்கான். அத நீங்க நடந்தது நடந்தபடி எழுதிக் குடுத்தீங்கன்னா கேஸுக்கு அதுதான் முதுகெலும்பு."

"ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்றேன். முப்பத்தொரு வருஷ வேலையில் நான் பேசிய வாக்கியங்களில் எதை அழிக்கலாம் என்று கேட்டால், காபி வாக்கியத்துக்கு முன்னால் இதைத்தான் அழிப்பேன். எனக்கு ஓய்வுபெற நாலு மாதம் இருந்தது. கிராஜுவிட்டி வர வேண்டியிருந்தது. எதிர்க்கடையில் ஒரு மணி நேரம் என்று நான் எழுதிய ரிப்போர்ட் பீரோவில் இருந்தது.

முதலாளி சுருக்கமாக முடித்தார். "நமக்கு ஒரு ரூபா பாக்கி இல்ல. எதுக்கு நாம போய் வாயக் குடுக்கணும்? லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி எழுதி அனுப்பு. கணக்கு நேர், பாக்கி இல்ல. அவ்ளோதான்."

இரண்டு வரி எழுதினேன். 'மேற்படி நபருடன் எங்கள் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக இருந்தது. பாக்கி ஏதுமில்லை.' படித்துப் பார்த்தேன். முதல் வாக்கியம் மொட்டையாக நின்றது. காதுக்கு நிறைவாக இல்லை. 'ஒழுங்காகவும் நாணயமாகவும் இருந்தது' என்று மாற்றினேன். இப்போது வாக்கியம் சரியாக உட்கார்ந்தது.

மேடத்திடம் காட்டினேன். 'நாணயமாகவும்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இது எதுக்கு?"

"இல்லன்னா மொட்டையா இருக்கு மேடம்."

"மொட்டையாவே இருக்கட்டுமே. போலீஸ்ல உங்ககிட்ட கேட்டது இதுதானா?"

அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கக் குனிந்தார். என் இடத்துக்கு வந்தேன். என் வாக்கியத்தில் இத்தனை வருஷமாகக் கைவைத்தவர் அவர் ஒருவர்தான். போகிற காலத்திலாவது ஒரு சொல் என் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பணி நிறைவு விழா நன்றாக நடந்தது. நான் பேசியபோது மூன்று இடத்தில் கைதட்டினார்கள். மேடம் வந்திருந்தார், கைதட்டவில்லை. மறுநாள் காலை ஆரோக்கியம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சைக்கிளில் வந்திருந்தார். லோடு வண்டி எங்கே என்று கேட்டேன்.

"வித்தாச்சு சார். இப்ப வேற ஆளு வண்டிய ஓட்டிகினு கீறேன்." ஒரு காகிதத்தை நீட்டினார். "அந்தாளுக்கு ஜாமீன் குட்த்துட்டாங்க. கோர்ட்ல அவன் வக்கீலு இதப் படிச்சாராம். தாம்பரத்துலயே பெரிய கம்பெனி, நாணயமான ஆளுன்னு எழுதிக் குட்த்துகுது, இவரப் போய் மோசடிக்காரர்ன்றாங்களேன்னு. எங்க வக்கீலுகிட்டேர்ந்து காப்பி வாங்கினேன். இது உன் கையெழுத்துதானே சார்?"

"ஆமா ஆரோக்கியம்."

"இல்ல, ஸ்டெல்லா நம்ப மாட்டேன்னா. சார் பேர யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லிகினு இருந்தா. அதான் கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சண்டை போடவில்லை. விஜயா கொடுத்த காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். விஜயா டம்ளரோடு நின்றாள். அதுவரை அவளுக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் அங்கேயே, வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"நாணயம்ங்கற வார்த்தையையும் உங்க மொதலாளிதான் போடச் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. நானா போட்டேன்."

"எதுக்கு?"

"நல்லா இருந்துச்சு."

விஜயா காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

ஜாமீனில் வந்தவர் இரண்டு வாரம் ஒழுங்காகக் காவல் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வாரம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, செய்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. சப்-இன்ஸ்பெக்டரிடம் போனேன். நடந்தது நடந்தபடி எழுதினேன். சிரிப்பு, காபி, பதினோரு நிமிஷம், விளக்கு, எனக்கு வந்த போன்கள், அந்தச் சொல். ஒன்பது பக்கம் வந்தது. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு பக்கம் குடுத்திருந்தா போதுமே சார்" என்றார். வாங்கி வைத்துக்கொண்டார். பழைய ஆபீஸிலிருந்து போன் வந்தது, முதலாளி வருத்தப்பட்டாராம். மேடத்திடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பிறகு இரும்புலியூர். ஷெட்டில் ஐந்து பேருக்குப் பதில் இரண்டு பேர் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா முக்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். வழியெல்லாம் மனதில் எழுதிக்கொண்டு போன மன்னிப்பு வாசகம் ஒன்று இருந்தது, நல்ல நடை. மிளகாய் நெடியில் தும்மல் வந்து, முதல் வாக்கியமே நான்கு துண்டாக உடைந்தது. கடைசியில், "தப்பு பண்ணிட்டேம்மா, ரெண்டு தடவ" என்று மட்டும் சொன்னேன்.

"ரெண்டாவதுதான் சார் தாங்கல" என்றார் ஸ்டெல்லா. "மொத தடவ நீங்களும் ஏமாந்தீங்க, நாங்களும் ஏமாந்தோம்."

கிராஜுவிட்டியிலிருந்து கொண்டுபோன பணத்தை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடாமல் யோசித்தார். "நகை என் நகை, வண்டி எங்க வண்டி. அது எங்க தலவலி. குழுவுல மத்தவங்க என்ன நம்பிக் குடுத்தாங்க. அந்தப் பாக்கிய மட்டும் கட்டுங்க சார், வாங்கிக்கறேன். உங்ககிட்ட வாங்கினேன்னு அவங்ககிட்டயும் சொல்லிடுவேன்." சொன்னபடி குழுத் தலைவியின் முன்னால் என்னை உட்காரவைத்துக் கட்டச் சொன்னார். ஏன் நான் கட்டுகிறேன் என்பதையும் என் வாயாலேயே சொல்லச் சொன்னார். பன்னிரண்டு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கிற மாதிரி எதையும் சொல்லவில்லை.

இது நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். பொடி வாங்க நானேதான் போகிறேன், விஜயா போக மறுத்துவிட்டாள். போன வாரம் போனபோது, ஆரோக்கியம் வாசலில் யாருடைய வண்டியிலோ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ரசப்பொடியை நிறுத்தபடியே கேட்டார்.

"சார், சேலையூர்ல லேடீஸ் ஹாஸ்டல் மெஸ் நடத்தறாரே ஒருத்தர், நரைச்ச மீசை. மாசம் நூறு கிலோ கேக்கறாரு. மாசக் கடைசியில தர்றேன்றாரு. உங்க ஆபீஸ்லயும் வாங்கியிருக்கேன்னு சொன்னாரு. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். பதினாலு வருஷமாக எங்களிடம் கிரைண்டர் எடுத்தவர். எதிர்க்கடையில் முழுசாக ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்து பார்த்த பார்ட்டி. ஒரு செக்கும் திரும்பியதில்லை. மறுபடியும் இந்த அம்மா என்னிடம் கேட்கிறார். நன்றாக யோசித்து, ஒரு சொல்கூட அதிகமாகப் போகாமல், விளையாட்டு வார்த்தை எதுவும் கலக்காமல் சொன்னேன்:

"நல்ல பார்ட்டிம்மா."

"நல்லாத் தெரியுமா சார்?"

"நல்லாத் தெரியும். பதினாலு வருஷமாத் தெரியும்."

ஸ்டெல்லா தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இன்னாங்க, அந்த மெஸ்காரரு நல்ல பார்ட்டின்னு சார் சொல்லிட்டாரு. கையில காசு குடுத்தா மட்டும் மூட்டய எறக்குங்க."